நகராட்சிக் கட்டடத்தை இடிப்பதா, செப்பனிடுவதா?

செங்கோட்டைப் பக்கத்து எல்லை நகராட்சி ஒன்றின் கவுன்சிலர் கேட்ட கேள்வி இது: "எங்கள் அலுவலகத்தின் முன்கட்டு திருவிதாங்கூர் காலத்துச் சுண்ணாம்புக் கட்டடம், ஓட்டுக்கூரை. முகப்புக் கல்லில் 1099 என்று இருக்கிறது. பின்கட்டு 1984இல் கட்டிய இரண்டு மாடி கான்கிரீட். பின்கட்டில் கூரைப் பூச்சு விழுகிறது, கம்பி தெரிகிறது. இரண்டையும் சேர்த்து இடித்துப் புதிதாகக் கட்டத் தீர்மானம் வரப்போகிறது. சமீபத்தில் 'த்ரெட்ஸ்' படம் பார்த்தேன். ஊரைக் காப்பாற்ற வேண்டிய அதிகாரிகள் தங்கள் கட்டடத்துக்கு அடியிலேயே சிக்கிச் சாகிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்து உறக்கமில்லை. என்ன செய்யலாம்?"

முதலில் அந்தக் கல். 1099 என்பது கொல்லம் ஆண்டு. ஆவணியில் தொடங்கும் கணக்கு. 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். ஆக உங்கள் முன்கட்டு 1923-24ஐச் சேர்ந்தது. கேரளத்தில் இன்றும் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்று சொல்கிறார்களே, 1924 ஜூலையில் வந்தது, அதே ஆண்டு. நூறு வயதுச் சுவரையும் நாற்பது வயதுக் கான்கிரீட்டையும் ஒரே தீர்மானத்தில் வைத்து இடிக்கக் கூடாது. இரண்டும் வேறு பொருள், இரண்டின் நோயும் வேறு. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பிழைக்க வாய்ப்புள்ளது முன்கட்டு. இடிக்க வேண்டி வரலாம் என்றால் அது பின்கட்டு. வயதைப் பார்த்து முடிவெடுத்தால் இது தலைகீழாகிவிடும்.

நீங்கள் சொன்ன படத்தின் ஊரிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 1984 செப்டம்பரில் பிபிசி ஒளிபரப்பிய, அணுகுண்டுப் போர் பற்றிய தொலைக்காட்சிப் படம் அது. கதை நடப்பது இங்கிலாந்தின் ஷெஃபீல்டில். அந்நகர மன்றத்தின் கல் கட்டடம் 1897இல் திறந்தது, இன்றும் நிற்கிறது. அதை ஒட்டி 1977இல் கட்டி முடித்த கான்கிரீட் இணைப்பை ஊரார் 'முட்டைப் பெட்டி' என்பார்கள். நகர மையத்தைச் சீரமைத்தபோது 2002இல் அதை இடித்துவிட்டார்கள். எண்பது ஆண்டு இளையது முதலில் போயிற்று.

படத்தில் அதிகாரிகள் சாவதற்குக் குண்டு மட்டும் காரணமல்ல. கட்டுப்பாட்டு அறை நிலவறையில் இருக்கிறது. மேலே கட்டடம் சரிந்து வாசல் மூடுகிறது. காற்று தீர்கிறது. ராணுவத்தார் வழி உண்டாக்கி உள்ளே வரும்போது யாரும் உயிரோடு இல்லை. ஒரே வழி, நிலத்துக்குக் கீழே அறை, மேலே நம்ப முடியாத கட்டடம்: இந்த மூன்றும் அணுகுண்டு இல்லாமலே நம் ஊரில் ஆளைக் கொல்லும். 2023 டிசம்பரில் தென்மாவட்ட மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. அப்படிப்பட்ட இரவில் ஜெனரேட்டர் நிலவறையில் இருந்தால் முதலில் மூழ்குவது அதுதான்.

இனி பின்கட்டு. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காப்பது சிமெண்டின் காரத்தன்மை. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தைத் தின்றுகொண்டே போகும். அது கம்பியைத் தொட்ட நாளிலிருந்து ஈரம் பட்டால் துரு. துருப்பிடித்த இரும்பு பழைய இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் அடியிலுள்ள கான்கிரீட் பிளந்து விழும். ஜூனில் தென்மேற்குச் சாரல், அக்டோபரில் வடகிழக்கு மழை என்று ஆண்டில் இருமுறை நனையும் உங்கள் பகுதியில் இது வேகமாக நடக்கும்.

இதைக் கண்டுபிடிக்கும் சோதனை மலிவானது. புதிதாக உடைத்த கான்கிரீட் முகத்தில் ஆல்கஹாலில் கரைத்த ஒரு சதவீத பினால்ஃப்தலீன் தெளிக்க வேண்டும். காரம் உள்ள இடம் அடர் ரோஜா நிறமாகும். காரம் போன இடம் நிறம் மாறாது. வெளி முகத்திலிருந்து ரோஜா தொடங்கும் இடம் வரை ஸ்கேல் வைத்து அளந்தால் அதுதான் ஆழம். உடைத்த தூசியைத் துடைக்காமல் தெளித்தால் தூசியே சிவந்து ஏமாற்றும், கவனம். இந்த ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தில் கூடும்: 40 ஆண்டில் 20 மில்லிமீட்டர் போயிருந்தால், 40 மில்லிமீட்டர் போக மொத்தம் 160 ஆண்டு வேண்டும். தளத்தில் கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம் (கவர்) 15 முதல் 20 மில்லிமீட்டர்தான். தூணின் கவர் 40. அதனால் தளம் செத்தும் தூண் நன்றாயிருப்பது சகஜம். கூரை பெயர்வதைப் பார்த்து முழுக் கட்டடமும் போயிற்று என்று முடிவு கட்ட வேண்டாம். தூணில் சோதித்துவிட்டுப் பேசுங்கள்.

தட்டித் துள்ளும் அளவைப் பார்க்கும் ரீபவுண்ட் ஹேமர் ஒன்றை மட்டும் தட்டிவிட்டு அறிக்கை தருபவர்களை நம்பாதீர்கள். அது மேல்தோலின் கடினத்தைத்தான் சொல்லும். காரம் போன மேல்தோல் இறுகிப்போவதால் எண் உண்மையைவிடக் கூடுதலாக வரும். நாற்பது ஆண்டுக் கட்டடத்தில் அது தரும் நல்ல எண்ணே சந்தேகத்துக்கு உரியது. அதனுடன் அல்ட்ராசோனிக் சோதனை வேண்டும். ஒலி விநாடிக்கு 3.5 கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் உள்ளே நல்லது, 3க்குக் கீழே என்றால் பொக்கு. அது காட்டும் மோசமான இடங்களிலும் நல்ல இடங்களிலும் துளைத்து உருளைத் துண்டு (கோர்) எடுக்க வேண்டும், மூன்றுக்குக் குறையாமல். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 படி கோர்களின் சராசரி வலிமை, அந்த வயதில் அந்த கிரேடுக்கு உரிய கியூப் (கனசதுரச் சோதனைக் கட்டி) வலிமையில் 85 சதவீதம் இருக்க வேண்டும். எந்த ஒன்றும் 75க்குக் கீழே போகக் கூடாது. 1984இல் சிமெண்ட், மணல், ஜல்லி 1:2:4 கலவை போட்டிருந்தால் அது எம்15க்கு, அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 15 நியூட்டன் வலிமைக்கு ஈடு. ஆக சராசரி 12.75, தனியொன்று 11.25. கோர் துளைக்குமுன் கவர் மீட்டரால் கம்பியைக் குறித்துக்கொள்ள வேண்டும். கம்பியை அறுத்துவிட்டு ஓட்டையைச் சாதாரணக் கலவையால் அடைத்துப் போவதே சோதனையால் வரும் சேதம். சுருங்காத கிரவுட் (ஊற்றி நிரப்பும் காரை) கொண்டு அடைக்கச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

கம்பி துருப்பிடிக்கிறதா என்று அறிய, கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் ஹாஃப்-செல் சோதனை. தாமிரம்-தாமிர சல்பேட் அளவில் -350 மில்லிவோல்ட்டைவிடக் கீழே போனால் துரு நடக்க 90 சதவீதம் வாய்ப்பு. -200க்கு மேலே இருந்தால் நடக்காமலிருக்க 90 சதவீதம் வாய்ப்பு. கடைசியில் கண்ணால் பார்க்கும் சோதனையே நெஞ்சில் தைக்கும்: பெயர்ந்த இடத்தில் துருவைக் கம்பித் தூரிகையால் சுரண்டிவிட்டு வெர்னியர் வைத்துப் பாருங்கள். 12 மில்லிமீட்டர் கம்பி 10 ஆகியிருந்தால் 'இரண்டு மில்லிமீட்டர்தானே' என்று தோன்றும். பரப்பில் அது 31 சதவீத இழப்பு. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கம்பி காணவில்லை என்று பொருள்.

இன்னொன்றையும் அளந்து பாருங்கள்: மொட்டை மாடியில் எத்தனை அடுக்குப் போட்டிருக்கிறார்கள்? ஒழுகும்போதெல்லாம் பழையதை எடுக்காமல் மேலேயே செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பும் தட்டோடும் போடுவது அரசுக் கட்டடங்களின் தீராத பழக்கம். 10 சென்டிமீட்டர் அடுக்கு ஒன்று சதுர மீட்டருக்கு 170, 180 கிலோ. இரண்டு முறை போட்டிருந்தால் 350 கிலோ. அலுவலக அறைத் தளத்தை ஆளுக்கும் மேசைக்குமாகக் கணக்கிடுவதே 250 கிலோவுக்குத்தான். கோப்பறைக்கு ஐஎஸ் 875 கேட்பது 500 கிலோ. பதிவேட்டு அறை மாடியில் இருந்து, அதை வடிவமைக்கும்போது சாதாரண அறையாக வைத்திருந்தால் கம்பியைத் துரு தொடாமலே அந்தத் தளம் ஆபத்தில் இருக்கிறது. இன்றைக்கே பீரோக்களைக் கீழே இறக்குங்கள். தீர்மானமும் டெண்டரும் வரும்வரை அவை மேலே காத்திருக்க வேண்டியதில்லை.

சோதனை முடிவை எப்படிப் படிப்பது? தூணும் உத்திரமும் தேறி, தளங்கள் மட்டும் கெட்டிருந்தால் செப்பனிடலாம். பொக்குக் கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னால் 20, 25 மில்லிமீட்டர் வரை கொத்தியெடுக்க வேண்டும். துருவை வெள்ளி நிறம் வரும்வரை நீக்கி, துத்தநாகப் பூச்சு அடித்து, இழந்த கம்பிக்குப் பக்கக் கம்பி சேர்த்து, பாலிமர் கலந்த காரையால் மூட வேண்டும். கம்பியின் முன்பக்கத்தை மட்டும் சுரண்டிப் பூசினால் பூசிய ஓரத்திலேயே புதுத் துரு கிளம்பி இரண்டாவது மழைக்காலத்தில் அதே அளவு துண்டு விழும். தூண்களே தேறவில்லை, கோர் எம்10 அளவில் நிற்கிறது என்றால் செப்பனிடும் பணம் வீண், இடியுங்கள். செப்பனிடும் செலவு புதிய கட்டடச் செலவில் பாதியைத் தொட்டால் நான் இடிப்பதையே சொல்வேன். ஏனெனில் சரிசெய்த 1984 கட்டடத்தின் தூண்களில் நிலநடுக்கத்துக்கான ரிங் கட்டு (நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பி) அநேகமாக இருக்காது.

முன்கட்டுக்கு வருவோம். சுண்ணாம்புச் சுவருக்கு எமன் சிமெண்ட் பூச்சு. சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், மேலே மூச்சுவிட்டு உலர்த்தும். சிமெண்ட் பூசி மேலே பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் ஈரம் உள்ளே அடைபட்டு, பூச்சோடு செங்கல்லும் மாவாக உதிரும். கோடையில் அந்தப் பூச்சைக் குறைந்தது இடுப்பளவு வரை எடுத்துச் சுவரை ஒரு மாதம் காற்றாடவிடுங்கள். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் மூழ்கவைத்து இரண்டு வாரமாவது புளிக்கவிட்டு, ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு மணல் சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரால் பிசைந்து, ஒரு தடவைக்கு 10, 12 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் பூச வேண்டும். ஒரு வாரம் ஈரச் சாக்கு. மேலே சுண்ணாம்பு வெள்ளையடிப்பு போதும்.

விரிசல் வளர்கிறதா என்பதை அறிய விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டித் தேதி எழுதிவையுங்கள். ஒரு மழைக்காலம் தாண்டியும் உடையாமல் இருந்தால் அது பழைய காயம். உடைந்தால் அடித்தளம் இன்னும் இறங்குகிறது. பெரும்பாலும் பக்கத்து வடிகாலோ உடைந்த குழாயோ காரணமாயிருக்கும். சுவரிடுக்கில் அரசங்கன்று இருந்தால் பிடுங்கக் கூடாது, வேரோடு செங்கலும் வரும். தண்டை வெட்டி வேரைச் சாகடித்த பிறகே இடுக்கை நிரப்ப வேண்டும்.

கூரை மரத்தில் பார்க்க வேண்டியது நடு அல்ல, நுனி. உத்திரம் சுவருக்குள் புதையும் இடத்தில்தான் ஈரமும் கரையானும். அங்கே திருப்புளியை அழுத்துங்கள்; ஒரு சென்டிமீட்டருக்கு மேல் எளிதாய் இறங்கினால் அந்த நுனி போய்விட்டது. முழு உத்திரத்தையும் மாற்ற வேண்டியதில்லை. கெட்ட நுனியை அறுத்துவிட்டு இருபுறமும் இரும்புத் தட்டு வைத்துப் போல்ட் முறுக்கி, சுவரில் நுனியைச் சுற்றிக் காற்று போகச் சிறிது இடைவெளி விட்டால் போதும். சீமை ஓடு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 15. பழைய ஓட்டை இறக்கும்போது பத்தில் இரண்டு, மூன்று உடையும் என்று வைத்து முன்னதாகவே அதே அச்சு ஓடு வாங்கிவையுங்கள். வேறு கம்பெனி ஓட்டின் பள்ளம் பொருந்தாது.

ஆபத்து அதிகம் உள்ள வேலை, முன்கட்டை நிறுத்திக்கொண்டு பின்கட்டை எடுப்பது. விபத்து நடப்பது இங்கேதான். முதலில் மின்வாரியத்திடம் சொல்லி இணைப்பை முழுதாக வெட்ட வேண்டும். மெயினை அணைத்தால் போதாது. இரண்டு கட்டும் தொடும் கோட்டை வைர ரம்பத்தால் மேலிருந்து கீழ்வரை அறுத்துப் பிரித்த பிறகே பிரேக்கர் இயங்கலாம். இல்லையேல் அதிர்வு நேரே சுண்ணாம்புச் சுவருக்குப் போகும். கட்டிய வரிசைக்கு நேர்மாறாக, மேலிருந்து கீழாக இடிக்க வேண்டும். ஐஎஸ் 4130 சொல்வதும் அதுவே. சன்ஷேடுக்கு முட்டுக் கொடுத்துவிட்டே அதன் மேலுள்ள சுவரைத் தொட வேண்டும், அந்தச் சுவரின் எடைதான் சன்ஷேடைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இடித்த கல்லை மாடித் தளத்திலேயே குவிக்கக் கூடாது. முழங்காலுக்குக் கீழே, 30 சென்டிமீட்டர் இடிபாடே சதுர மீட்டருக்கு 400 கிலோ. துருப்பிடித்த தளம் அதைத் தாங்காமல் ஆளோடு இறங்கும். சைக்கிள் ஷெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் நனைத்து, போல்ட்டைக் கழற்றி, உடைக்காமல் முழுதாக இறக்குங்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து புதிய அடித்தளம் தோண்டும்போது. பழைய சுவரின் கருங்கல் அடித்தளம் ஒரு மீட்டருக்குள் நின்றிருக்கும். புதிய தூணுக்கு இரண்டு மீட்டர் தோண்டுவார்கள். பொக்லைன் கொண்டுவந்து சுவரோரம் நீளமாக ஒரே வாய்க்காலாகப் பறித்தால் முதல் மழையில் பழைய அடித்தளத்துக்குக் கீழே மண் சரிந்து நூறாண்டுச் சுவர் மொத்தமாகச் சாயும். புதிய தூண் வரிசையைப் பழைய சுவரிலிருந்து தள்ளி வைத்து, தளத்தை முன்னால் நீட்டிக்கொள்வது நல்லது. தவிர்க்க முடியாவிட்டால் ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு மேல் போகாமல் ஒன்றுவிட்டு ஒன்றாகத் தோண்டி, கான்கிரீட் போட்டு மூடிய பிறகு அடுத்ததைத் தொட வேண்டும். பழையதும் புதியதும் எங்கும் கட்டப்படக் கூடாது. இடையே எவ்வளவு இடைவெளி என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் கணக்கிட்டுத் தரட்டும். 50 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் ஏன் என்று கேளுங்கள்.

இடிபாடு எவ்வளவு வரும்? பின்கட்டு 600 சதுர மீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு ஒரு டன் வைத்தாலே 600 டன். ஒரு மாதத்தில் 300 டன் தாண்டும் வேலைக்குக் கான்கிரீட், மண், இரும்பு-மரம்-பிளாஸ்டிக், செங்கல்-காரை என்று பிரிக்க வேண்டுமென்று கட்டட இடிபாட்டுக் கழிவுக்கான 2016 விதிகள் சொல்லின. 2025இல் அறிவித்த புதிய விதிகள் 2026 ஏப்ரல் முதல் அந்த இடத்தைப் பிடிப்பவை. டெண்டரில் 'நடப்பு விதிப்படி' என்று எழுதுங்கள். குளத்தங்கரையில் கொட்டினால் பொறுப்பு நகராட்சிக்கே. கழற்றும் தேக்கை இடிப்பு ஒப்பந்தத்தோடு சேர்க்காதீர்கள். ஒவ்வொரு மரத்தையும் அளந்து, எண் போட்டு, தனி ஏலம் விடுங்கள். 15க்கு 20 சென்டிமீட்டர், 5 மீட்டர் நீளம் உள்ள ஒரே உத்திரம் 5.3 கன அடி. இதைப் பட்டியலிடாமல் விட்டால் கணக்கில் வராமலே போகும்.

புதிய கட்டடத்தில் உங்கள் உறக்கத்தைக் கெடுத்த விஷயம். ஐஎஸ் 1893இன் 2016 பதிப்பு, பேரிடரிலும் இயங்க வேண்டிய ஆட்சிக் கட்டடங்களுக்கு முக்கியத்துவக் காரணி 1.5 என்கிறது. அதாவது சாதாரண வீட்டைவிட ஒன்றரை மடங்கு நிலநடுக்க விசைக்கு வடிவமைக்க வேண்டும். வடிவமைப்பு அறிக்கையின் முதல் பக்கங்களிலேயே இந்த எண் இருக்கும். 1 என்று இருந்தால் திருப்பி அனுப்புங்கள். வேலை நடக்கும்போது தூணின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் ரிங் 100 மில்லிமீட்டருக்கு மேல் விலகக் கூடாது. கொக்கி 135 டிகிரி மடங்கி உள்ளே போயிருக்க வேண்டும். 90 டிகிரியில் மடக்கினால் ஆட்டத்தில் பிரிந்துகொள்ளும். கான்கிரீட் போடும் முன் கவுன்சிலரே போய்ப் பார்க்கக்கூடிய விஷயம் இது, படிப்பு வேண்டாம்.

கட்டுப்பாட்டு அறையை முதல் மாடியில் வையுங்கள். இரண்டு தனி வழி, ஒன்று வெளிப்படிக்கட்டாக. ஜன்னல் திறக்க வேண்டும். ஏசியை நம்பி மூடிய கண்ணாடி போட்டுவிட்டால் மின்சாரம் போன இரவில் அந்த அறையில் உட்கார முடியாது. ஜெனரேட்டர் தரைக்கு மேல் உயர்ந்த மேடையில், தெரு வெள்ளத்தின் பழைய அடையாளத்துக்கும் மேலே. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையோடு பேச வயர்லெஸ். செல்போன் கோபுரம் அன்றைக்கு இருக்காது. வாசல் 45 சென்டிமீட்டர் உயரமென்றால் சாய்தளம் 1:12 கணக்கில் 5.4 மீட்டர் நீளம் வேண்டும்; வரைபடத்திலேயே இடம் ஒதுக்காவிட்டால் கடைசியில் ஏற முடியாத செங்குத்துச் சரிவு ஒன்றைப் போட்டு வைப்பார்கள். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள மழைக்குழாய் ஒன்று, மணிக்கு 100 மில்லிமீட்டர் மழைக்குச் சுமார் 40 சதுர மீட்டர் கூரைக்குத்தான் போதும். 300 சதுர மீட்டர் மாடிக்கு இரண்டு மூலையில் இரண்டு குழாய் வைப்பதுதான் பின்கட்டு ஒழுகிய கதையின் தொடக்கமாக இருந்திருக்கும். எட்டு வையுங்கள்.

இடிப்புக்கு நாள் குறிக்கும் முன் பதிவேடுகள். பிறப்பு, இறப்புப் பதிவேடு நிரந்தர ஆவணம். உங்கள் ஊர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததால் பழைய பதிவேடுகளில் மலையாளத்தில் எழுதியவையும், கொல்லம் ஆண்டுத் தேதியிட்டவையும் இருக்கும். ஸ்கேன் செய்பவர் அதைப் படிக்கத் தெரியாமல் '1099' என்பதை 1999 என்று கோப்பில் ஏற்றிவிட்டால் பிறகு தேடிக் கிடைக்காது. மலையாளம் படிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு கட்டுக்கும் இரண்டு ஆண்டையும் எழுதவைத்து, அதன்பின் வாடகைக் கட்டடத்தின் தரைத்தளத்துக்கு மாற்றுங்கள், தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி. இது டிசம்பருக்குள் முடிந்தால் பொங்கல் கழிந்து இடிக்கத் தொடங்கலாம். ஜூனின் முதல் சாரலுக்குள் அடித்தளமும் தரைமட்ட பீமும் நிலத்துக்கு மேலே வந்து, பழைய சுவரோரக் குழி மண் நிரப்பி இறுக்கப்பட்டிருக்க வேண்டும்.